வீட்டு வாசிப்புக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஜீவன்பீமா நகரைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். போன மாதம் யார் என்ன படித்தோம் என்று பேசுவோம், புத்தகம் மாற்றிக்கொள்வோம். 2021-இல் தொடங்கிய பழக்கம் இது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. பெரியவர்கள் படித்தது, குழந்தைகள் படித்தது எல்லாம் அதில்தான். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதம் கேட்பவை ஒரு மாதிரி; மூன்று மாதம் எழுதிப் பார்த்தவர்கள் கேட்பவை வேறு மாதிரி. வாட்ஸ்ஆப்பில் திரும்பத் திரும்பத் தட்டிய பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கணக்குன்னா என்னென்ன எழுதணும்க்கா? ரொம்ப வேலை வைக்குமா?

முடித்த தேதி, புத்தகத்தின் பெயர், எழுதியவர், மொழி, எப்படிப் படித்தது என்பதற்கு ஓர் எழுத்து, கடைசியில் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். பால் கணக்கு எழுதுகிற நேரம்தான் ஆகும். புத்தகத்தை மூடிய அன்றே எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்தால் பெயர்தான் நினைவிருக்கும், அந்த ஒரு வரி வராது.

குழந்தைகள் புத்தகமென்றால் ஓவியர் பெயரையும் எழுதுங்கள். படிக்கத் தெரியாத வயதில் அவர்கள் அடுத்த புத்தகத்தைத் தேடுவதே படத்தை வைத்துத்தான். என் மகள் நான்கு வயதில் “அந்த நீள மூக்கு வரையறவங்களோட புக்” என்று கேட்டாள். நோட்டில் ஓவியர் பெயர் இருந்ததால் அவர் வரைந்த இன்னும் இரண்டு புத்தகங்களைத் தேடிப்பிடிக்க முடிந்தது.

நோட்டு எதுக்கு? ஃபோன்லயே குட்ரீட்ஸ் மாதிரி ஆப் இருக்கே?

இருக்கிறது. நானும் சில வருடம் அதில்தான் எழுதினேன். குட்ரீட்ஸ் 2007-இல் வந்தது, 2013-இல் அமேசான் அதை வாங்கியது. ஆங்கிலப் புத்தகங்களுக்கு அது போதும். தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல். ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஓர் இடத்திலும், ஆங்கில எழுத்தில் வேறு வேறு விதமாக இன்னும் இரண்டு இடத்திலும் கிடக்கும். பின்னட்டையில் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்) இருந்தால் அது இந்தியப் பதிப்பு. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சில சமயம் சிக்கும். பாட்டி நாற்பது வருடத்துக்கு முன் வாங்கிய புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடிப் பயனில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஃபோனில் இருப்பது அம்மாவின் கணக்கு. ஆறு வயதுக் குழந்தை தானாகத் திறந்து தன் பக்கத்தைப் பார்க்க முடியாது. 200 பக்க லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தால் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். எங்களில் ஒருவர் கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுகிறார். அதுவும் சரிதான்.

பிள்ளைங்களுக்குத் தனி நோட்டு வாங்கிக் கொடுத்துடலாமே? அவங்களுக்கும் ஆசையா இருக்கும்.

வேண்டாம் என்பேன். முதல் ஆறு மாதம் நாங்களும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தோம். குழந்தைகள் நோட்டு நிறைந்தது. பெரியவர்கள் நோட்டு எங்கே இருக்கிறதென்றே பல வீடுகளில் தெரியவில்லை. பிள்ளையைப் படிக்கச் சொல்லிவிட்டு நாம் படிக்காமல் இருப்பது தனி நோட்டில் யார் கண்ணிலும் படாது.

இப்போது ஒரே நோட்டு, ஒரு மாதத்துக்கு ஒரு விரிப்பு. இடது பக்கம் குழந்தைகள், வலது பக்கம் பெரியவர்கள். 2022 மார்ச்சில் எங்கள் வீட்டு வலது பக்கத்தில் என் பெயரில் இரண்டு வரி இருந்தது, அவர் பெயரில் ஒன்றுமில்லை. வருடக் கடைசி, ஆபீஸில் கணக்கு முடிக்கிற நேரம். மகன் நோட்டைப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க இந்த மாசம் ஆப்சென்ட்டா?” என்று கேட்டான். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அன்று இரவு அவர் பாதியில் வைத்திருந்த சிறுகதைத் தொகுப்பைத் தேடி எடுத்தார். அதிலிருந்து அவர் பக்கம் ஒரு மாதமும் காலியாக இருந்ததில்லை.

16 பக்கம் இருக்கற படப் புத்தகத்தையெல்லாம் ஒரு புத்தகம்னு எழுதறது நியாயமா?

யுனெஸ்கோ 1964-இல் புள்ளிவிவரத்துக்காக ஒரு வரையறை வைத்தது. அட்டையை விட்டு 49 பக்கமாவது இருந்தால்தான் புத்தகம். 5 முதல் 48 வரை இருந்தால் அது துண்டு நூல். அதன்படி பார்த்தால் என் மகளின் அலமாரியில் புத்தகமே கிடையாது. படப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 பக்கம்தான் வரும். அச்சுத் தாளை மடிக்கும்போது எட்டு, பதினாறு என்று பக்கம் விழுவதால் அப்படி. நாடுகளின் அச்சுத் தொழிலை ஒப்பிட அந்த வரையறை தேவைப்பட்டிருக்கலாம். நம் வீட்டு நோட்டுக்கு அது வேண்டாம். தொடக்கம், முடிவு, எழுதியவர், அட்டை எல்லாம் இருந்தால் புத்தகம்தான். எழுதுங்கள்.

ஆனால் ஒன்று, கூட்டாதீர்கள். “இந்த மாசம் எங்க வீட்ல 31 புத்தகம்” என்று சொன்னால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 28 படப் புத்தகமும் மூன்று நாவலும் என்றால்தான் வீடு எப்படிப் படித்தது என்று புரியும். இடது பக்கத்துக்கு ஒரு கூட்டுத்தொகை, வலது பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று எழுத வேண்டாம்.

அப்போ பக்கக் கணக்கு போட்டுட்டா சரியா வந்துடுமே?

வராது. ஐந்து வரி உள்ள பக்கமும் பக்கம், முப்பத்தைந்து வரி உள்ள பக்கமும் பக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு மொழி வேறு குறுக்கே வரும். என் மகன் ஆங்கிலத்தில் அரை மணியில் இருபது பக்கம் ஓட்டிவிடுவான். தமிழில் அதே அரை மணிக்கு இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்துக்கு விரல் வைத்து, உதடு அசைத்து, “ற”வா “ர”வா என்று நின்று, திரும்ப வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் வருகிறான். அதைப் பத்தில் ஒரு பங்கு என்று எழுத எனக்கு மனம் வராது.

சின்னக் குழந்தைகளுக்கு எத்தனை இரவு படித்தோம் என்று எண்ணுவது நல்லது. தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அன்றைக்குப் படித்திருந்தால் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு. 30-இல் 19 கோடு இருந்தால் அந்த மாதம் நன்றாகவே போயிருக்கிறது.

நான்தான் படிச்சுக் காட்டறேன், அவ கேட்கறா. இது யாரோட கணக்கு?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். முதல் பதிலில் சொன்ன அந்த ஓர் எழுத்து இதற்காகத்தான். தா என்றால் தானாகப் படித்தது. கே என்றால் கேட்டது. சே என்றால் சேர்ந்து படித்தது: ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். குழந்தை கேட்டதும் குழந்தையின் வாசிப்புதான். அதனால் இடது பக்கத்தில் “கே” போட்டு எழுதுங்கள். கதை கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். கேட்டது கணக்கில் சேராது என்றால் பாட்டி சொன்னதெல்லாம் என்னவென்று சொல்வது?

இந்த மூன்று எழுத்தும் மாறிக்கொண்டே போவதைப் பார்ப்பதில்தான் ஒரு சந்தோஷம். 2023 ஜூனில் என் மகளின் பக்கம் முழுக்க கே, கே, கே. ஆகஸ்டில் ஓர் இடத்தில் சே. ஒரு குட்டி ஆட்டின் கதையில் “மே மே” என்று வரும் இடத்தை மட்டும் அவள் படித்தாள். அவ்வளவுதான், ஆனாலும் சே போட்டோம். நவம்பர் 9-ஆம் தேதி முதல் தா. அந்த எழுத்தை அவளே பச்சை ஸ்கெட்ச்பேனாவில் எழுதினாள். கால் மாற்றிப் போட்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

படித்துக் காட்டியவர் தன் பக்கத்திலும் எழுதலாமா என்று கேட்பார்கள். நீங்கள் அந்தப் புத்தகத்தை உங்களுக்காகவும் ரசித்துப் படித்திருந்தால் எழுதுங்கள். தூங்க வைக்கிற அவசரத்தில் படித்ததென்றால் வேண்டாம். எது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே புத்தகத்தை நாப்பது தடவை படிக்கச் சொல்றான். நாப்பது வரி எழுதணுமா?

ஒரு வரிதான். பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே போங்கள். நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. அடுத்த மாதமும் அதே புத்தகம் தொடர்ந்தால் புது விரிப்பில் புது வரி, கோடு ஒன்றிலிருந்து. எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் ஒரு ரயில் புத்தகம் நான்கு மாதம் தொடர்ந்து வந்தது: 22, 31, 17, 3. ஐந்தாவது மாதம் இல்லை. குழந்தை ஒரு கதையிலிருந்து வெளியே வந்த கதை அந்த நான்கு எண்ணில் இருக்கிறது.

பெரியவர்கள் மறுவாசிப்பு செய்தால் கோடு போதாது. புது வரி எழுதுங்கள். இருபது வயதில் படித்ததும் நாற்பத்தைந்தில் படிப்பதும் ஒன்றல்ல, அந்த ஒரு வரிக் குறிப்பும் வேறாகத்தான் வரும்.

பொன்னியின் செல்வன் ஒண்ணா, அஞ்சா?

ஐந்து. பாகம் ஐந்து, தலைப்பு ஐந்து, பெரும்பாலான பதிப்புகளில் கையில் எடுக்கும் புத்தகமும் ஐந்து. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. அந்தக் காலத்து வாசகர்கள் கணக்கு வைத்திருந்தால் வாரத்துக்கு ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஒரே தொகுதியாகக் கட்டிய பதிப்பு உங்களிடம் இருந்தாலும் பாகம் முடியும்போது முடியும்போது எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் உங்கள் பக்கம் காலியாகவே இருக்கும். படித்துக்கொண்டிருந்தும் படிக்காதது போல் தெரியும்.

தினம் ஒரு குறள் படிக்கறோம். அதை எப்படி எழுதறது?

அதிகாரமாக எழுதுங்கள். பத்துக் குறள் ஓர் அதிகாரம். தினம் ஒன்றென்றால் மாதத்துக்கு மூன்று வரி. 1330 குறளும் முடிய மூன்று வருடம் ஏழு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் ஒரு குடும்பம் அல்சூர் ஏரிப் பக்கம் போகும்போதெல்லாம் 2009-இல் திறந்த வள்ளுவர் சிலைக்கு முன்னால் நின்று, அந்த மாதத்து அதிகாரத்திலிருந்து ஒன்றைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வார்கள். பிள்ளைகள் கூச்சப்படாமல் சொல்கிறார்கள்.

மாசம் முடிஞ்சுபோச்சு, புத்தகம் முடியலை. எந்த மாசத்துல எழுதறது?

முடித்த மாதத்தில். அதற்கு முன் அந்த மாதப் பக்கத்தின் அடியில் “பாக்கி” என்று போட்டு, புத்தகத்தின் பெயரும் நிற்கிற பக்க எண்ணும் எழுதுங்கள். அடுத்த விரிப்பின் மேலே அதையே “முன்பாக்கி” என்று எடுத்து எழுதுங்கள். மளிகைக் கடை நோட்டில் செய்வதேதான். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே புத்தகம் முன்பாக்கியாக வந்தால் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

பிடிக்காம பாதியில விட்டதை எழுதலாமா? வெட்கமா இருக்கு.

கண்டிப்பாக எழுதுங்கள். பெயர், “விட்டது”, பக்க எண், ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி. குழந்தை விட்டதையும் எழுதுங்கள். “பயமா இருந்துச்சு, நரி வர்ற பக்கம் வேண்டாம்” என்று ஒரு நாலு வயதுக்காரியின் வரி எங்கள் கூட்டத்தில் இருக்கிறது. அடுத்து அவளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்க அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

இந்த இடத்தில் எனக்கு எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருவார். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். பின்னாளில் நம் பெங்களூருக்கே வந்து குடியேறி, 1962-இல் இங்கே ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கி, 1972-இல் இங்கேயே மறைந்தார். அவருடைய இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நீங்கள் விட்ட புத்தகம் வேறொருவருக்கானது, அவ்வளவுதான். முதல் சனிக்கிழமை “விட்டது” வரிகளைத்தான் முதலில் வாசிக்கிறோம். அங்கேயே அந்தப் புத்தகம் கை மாறிவிடும்.

பாடப் புத்தகம், வாரப் பத்திரிகை, ஃபோன்ல படிக்கற கதை, ஆடியோ... இதெல்லாம்?

பாடப் புத்தகம் வேண்டாம்; துணைப்பாடக் கதையைத் தானாக விரும்பிப் படித்தால் எழுதலாம். பத்திரிகை முழுக்கப் படித்தால் ஓர் இதழுக்கு ஒரு வரி. ஆடியோவுக்கு “கே”.

ஃபோனில் படிக்கும் கதைகள் தாராளமாகச் சேரும். நம் ஊரிலேயே இருக்கும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு வாசிப்பு நிலையாகப் பிரித்திருப்பார்கள். மொழிக்குப் பக்கத்தில் அந்த நிலை எண்ணையும் குறித்து வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு எப்போது போனார்கள் என்பது பிறகு தெரியும்.

ஸ்கூல்ல கன்னடம், இங்லீஷ். தமிழ் வரிசையில ஒண்ணுமே இல்லைக்கா. பார்க்கவே கஷ்டமா இருக்கு.

மொழிக்கென்று தனிக் கட்டம் வைத்ததே இதைப் பார்ப்பதற்குத்தான். கஷ்டமாக இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் கன்னட வரியைப் பார்த்து வருந்தாதீர்கள். இந்த ஊரில் வளரும் பிள்ளை கன்னடத்தில் கதை படித்தால் அது பெருமைக்குரிய விஷயம். கன்னடம் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு உயிர்மெய் என்பது புதிதல்ல. குறில், நெடில், ஒற்று எல்லாம் ஏற்கெனவே கைவந்தவை. குழப்பம் ஓர் இடத்தில்தான்: கன்னடத்தில் நான்கு எழுத்து செய்கிற வேலையைத் தமிழில் ஒரே “க” செய்கிறது. “பக்கம்” என்பதிலும் “பகல்” என்பதிலும் ஒரே எழுத்து, ஒலி வேறு. என் மகன் இதைக் கேட்டு ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டான். பிறகு தானே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, எங்கே எப்படி ஒலிக்கும் என்று கண்டுபிடித்துக்கொண்டான்.

மாதத்துக்கு ஒரு தமிழ்ப் புத்தகம், “கே”யாக இருந்தாலும் சரி, அதுதான் நாங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சம். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. ஞாயிறு நடையோடு போய்வரலாம், போகும் முன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை துளிகா பதிப்பகம் 1996 முதல் ஆங்கிலத்தோடு தமிழ், கன்னடம் உட்பட எட்டு இந்திய மொழிகளில் சிறார் புத்தகம் போடுகிறது. ஒரே படம், ஒரே கதை, தமிழில் ஒன்றும் கன்னடத்தில் ஒன்றுமாக வாங்கி வைத்தால் பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும். அதை இரண்டு வரியாக எழுதுங்கள். ஒரே அட்டைக்குள் இரண்டு மொழியும் இருந்தால் ஒரு வரி, மொழிக் கட்டத்தில் இரண்டும்.

நான் என் பொண்ணோட கதைப் புத்தகத்தை எடுத்துப் படிச்சேன். ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எந்தப் பக்கம் எழுதறது?

வலது பக்கம். இடது, வலது என்று பிரித்தது படிக்கிறவரை வைத்துத்தான், புத்தகத்தை வைத்து அல்ல. மேலே இதைச் சொல்லாமல் விட்டதால் பலருக்குக் குழப்பம். சிறார் புத்தகம் எது, பெரியவர் புத்தகம் எது என்று தெரிய, சிறார் புத்தகத்தின் பெயருக்கு முன்னால் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். வலது பக்கத்தில் மாதத்துக்கு ஒரு பச்சைப் புள்ளியாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளை படிப்பதைப் படிக்காமல் பிள்ளையோடு புத்தகம் பேச முடியாது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். பதினொரு வயதுப் பையன் அப்பாவின் துப்பறியும் நாவலை எடுத்து முடித்துவிட்டான், அம்மாவுக்குப் பதற்றம். இடது பக்கத்தில் புள்ளியில்லாமல் ஒரு வரி. முதலில் எழுதட்டும். எழுதினால் திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த புத்தகத்தை எழுதமாட்டான், படிப்பதை மட்டும் நிறுத்தமாட்டான். எழுதிய பிறகு உட்கார்ந்து பேசுங்கள்.

பிள்ளைங்க போட்டி போட ஆரம்பிச்சுட்டாங்க. நல்லதுதானே?

இல்லை. இதில் நான் பட்டிருக்கிறேன். மகன் படித்த ஒரு பள்ளியில் மாத வாசிப்புத் தாள் கொடுத்து, அதிகம் எழுதியவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். அவன் 41 எழுதினான். பரிசும் வந்தது. கொஞ்ச நாள் கழித்து அதில் ஒரு கதையைத் தங்கைக்குச் சொல்லச் சொன்னேன், தெரியவில்லை. இன்னொன்றைக் கேட்டேன், அதுவும் இல்லை. மூன்றாவது கேட்டபோது அழுதுவிட்டான். அலமாரியில் இருந்ததிலேயே மெலிதான புத்தகங்களாகப் பொறுக்கிப் புரட்டியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, எண்ணிக்கையைத்தானே கேட்டார்கள்.

அதிலிருந்து எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. அந்த மாதத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வாசிக்க வேண்டும், அவ்வளவே. கூட்டுத்தொகை வீட்டோடு சரி.

அந்த ஒரு வரிதான் வரமாட்டேங்குது. என்ன கேட்டாலும் “நல்லா இருந்துச்சு”னு முடிச்சுடறா.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்றுதான் வரும். கேள்வியை மாற்றுங்கள். எந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்த? யாரைப் பிடிக்கலை? நீ அங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? அப்புறம், வந்த பதிலைத் திருத்தாமல், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். “யானை பாவம், அதுக்கு நாற்காலியே பத்தல.” “முடிவு சீக்கிரம் வந்துருச்சு, எழுதினவங்களுக்குத் தூக்கம் வந்துருக்கும்.” “இதுல வர்ற பாட்டி நம்ம சேலம் பாட்டி மாதிரியே காசை முடிஞ்சு வச்சுக்கறாங்க.” இதெல்லாம் எங்கள் வீட்டு இடது பக்கத்து வரிகள்.

பெரியவர்களுக்கும் இதே சிக்கல்தான், “விறுவிறுப்பு”, “அருமை” என்று எழுதிவிடுகிறோம். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், அது பின்னட்டையிலேயே இருக்கிறது. படிக்கும்போது எங்கே இருந்தீர்கள், எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தீர்கள், அதை எழுதுங்கள். “சில்க் போர்டு சிக்னல், 40 நிமிடம், அந்தக் கடித அத்தியாயம்” என்று என் கணவர் எழுதிய வரியைப் பார்த்தாலே எனக்கு அந்தப் புத்தகம் நினைவு வந்துவிடும்.

பத்து நாள் எழுத மறந்துட்டேன். என்ன செய்ய?

நினைவிருப்பதை எழுதுங்கள், தேதி தெரியாவிட்டால் மாதம் மட்டும் போதும். நூலகப் புத்தகமென்றால் பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டு உதவும். நினைவில்லாததை இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். காலி வரி விட்டுவிட்டு மேலே போங்கள்.

சரி, எல்லாம் எழுதியாச்சு. மாசக் கடைசில இதை வச்சு என்ன பண்றது?

கடைசி ஞாயிறு பத்து நிமிடம் வீட்டில் எல்லோரும் விரிப்பைச் சுற்றி உட்காருங்கள். மொழிக் கட்டத்தில் எது குறைவு? “சே” எத்தனை? வலது பக்கத்தில் பச்சைப் புள்ளி உண்டா? பாக்கி என்ன? அதைப் பார்த்து அடுத்த மாதத்துக்கு மூன்று புத்தகம் மட்டும் முன்கூட்டி முடிவு செய்யுங்கள், மற்றது தானாக வரட்டும். பட்டியல் நீண்டால் யாரும் தொடமாட்டார்கள். இடது பக்கம் நிறைந்து வலது பக்கம் காலியாக இருந்தால் அந்த மாதம் பிள்ளைகளிடம் “படி” என்று சொல்லாதீர்கள், நீங்கள் புத்தகத்தோடு உட்காருங்கள்.

எங்க மாமனாருக்குக் கண் பார்வை ரொம்பக் குறைஞ்சுபோச்சு. என் பொண்ணுதான் அவருக்குப் படிச்சுக் காட்டறா. இது எப்படிக்கா எழுதறது?

இந்தக் கேள்வி வந்தபோது என்னிடம் பதில் இல்லை. மேலே சொன்ன கே, தா எல்லாம் பெரியவர் படிக்க, குழந்தை கேட்கும் என்று நினைத்து வைத்தவை. அவர்கள் வீட்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே புத்தகம் இரண்டு பக்கத்திலும் வரும். இடது பக்கத்தில் பேத்தியின் பெயரில் தா, வலது பக்கத்தில் தாத்தாவின் பெயரில் கே. ஒரு வரிக் குறிப்பை இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்ல, இரண்டையும் பேத்தியே எழுதுகிறாள்.

பதின்மூன்று வயதுப் பெண், பள்ளியில் தமிழ் படிக்காதவள். இருவரும் பொன்னியின் செல்வன் படிக்கிறார்கள். அவள் ஒரு சொல்லில் தடுக்கி நின்றால், ஐம்பது வருடத்துக்கு முன் படித்த தாத்தா கண்ணை மூடியபடியே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். அங்கே மட்டும் நோட்டில் சின்னதாக ஒரு சே. போன சனிக்கிழமை அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் மேலே ஒரே வரி, ஒரே கையெழுத்து: முன்பாக்கி, மூன்றாம் பாகம், பக்கம் 112.